போனில் வந்தவரை மோசடிக்காரன் என்றேன்

என்னைவிடப் பெரிய முட்டாள் எங்கள் அண்ணனூரில் இருந்தால் சொல்லுங்கள், நானே மாலை போடுகிறேன்.

மகள் பொறியியல் கலந்தாய்வுக்கு அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் விண்ணப்பித்திருந்தாள். சேவை மையத்திலிருந்து என்று ஒருவர் போன் செய்தார். "ஆறாம் வகுப்பு படிச்ச சான்றிதழ் இல்ல சார். இன்னிக்கே வெப்சைட்ல ஏத்துங்க."

பன்னிரண்டு முடித்தவளுக்கு ஆறாம் வகுப்பு எதற்கு? மோசடிதான்! "இன்னா நைனா, அடுத்து எல்கேஜி கேப்பியா?" என்று கத்திவிட்டு வைத்தேன்.

மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆறிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அந்த ஒதுக்கீடாம். பழைய பள்ளிக்கு ஓடிச் சான்றிதழ் வாங்கி, மையம் மூடுவதற்குள் ஏற்றினோம்.

இப்போது சந்தேகம் வந்தாலும் முழுசாகக் கேட்டு, விசாரித்த பிறகே திட்டுகிறேன்.

"அப்பா திருந்திட்டேன்மா" என்றேன்.

"முதல்ல போனைக் குடு" என்றாள்.