மாமனுக்கு வைத்த சுறாப்புட்டு

என் தாய்மாமனை நான் பார்த்ததே இல்லை. நான் பிறப்பதற்கு வெகு முன்பே, பர்மாச் சண்டையில், இருபது வயதில் செத்துப்போனவர். ஆனாலும் ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் செல்லப்பிள்ளை அவர்தான், நான் அடுத்தபடிதான். அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் அவரை இழுப்பாள். "என் தம்பி ஒரு நாளாவது இப்டி எதுத்துப் பேசிருப்பானா?" செத்தவரோடு எப்படிப் போட்டி போடுவது? அவர் இனிமேல் ஒரு தப்பும் செய்யப்போவதில்லை. எனக்கு வயிறு எரியும்.

கல்லறைத் திருநாள் வந்தால் எரிச்சல் இன்னும் ஏறும். உடல் ஊர் வந்து சேராததால் மாமாவுக்குக் கல்லறை கிடையாது. கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில்தான் அம்மா அவருக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள். அன்று வீட்டில் சுறாப்புட்டு. மாமா துறைமுகத்தில் கப்பலேறிய அன்று, அம்மா தைத்துக் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் கையால் கடைசியாகத் தின்றது அதுதானாம். அதனால் வருடா வருடம் தெருவில் யாராவது ஒரு வாலிபனைக் கூப்பிட்டு, மாமா பெயரில் புதுச் சட்டை கொடுத்து, சுறாப்புட்டு போடுவாள். கூப்பிடுமுன், "ஒனுக்கு வயசு இன்னாப்பா?" என்று மறக்காமல் கேட்பாள். இருபத்தொன்று ஆகாதவனுக்கு அழைப்பில்லை. நான் அந்தச் சட்டியின் பக்கம் போகவே கூடாது. பெற்ற பிள்ளைக்கு நெத்திலி, எவனோ ஒருவனுக்குச் சுறா. நியாயமா இது?

ஒன்பது வயதில் என் பொறுமை போய்விட்டது. அம்மா கல்லறைக்குப் போயிருந்த நேரம், அந்தப் புதுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். முழங்காலைத் தொட்டது. வாலிபனுக்காக விரித்திருந்த பாயில் சம்மணமிட்டு, தட்டு நிறையப் போட்டுக்கொண்டு தின்றேன். மாமாவை ஒரு வழியாக ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அம்மா வந்துவிட்டாள். வசவு விழும் என்று பார்த்தேன். கன்னத்தில் அறைதான் விழுந்தது. என் வாய்க்குள் விரலை விட்டு, மென்றதைத் தோண்டி எடுத்தாள்.

"கய்ட்டுடா. அந்தச் சட்டைய கய்ட்டுடா."

அவள் இழுத்த இழுப்பில் பொத்தான்கள் தெறித்தன. பிறகு என் நெற்றியில் சிலுவை போட்டாள். மறுபடி மறுபடி போட்டாள்.

அழுதுகொண்டு அப்பாவிடம் போனேன். "நைனா, அம்மாவுக்கு என்ன வுட அந்த மாமன்தான் ஒசத்தி."

"வுடுடா. அவ பயம் அவளுக்கு."

ஒரு தட்டு மீனில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

வருடங்கள் போயின. எனக்கு இருபத்தொன்று ஆன பிறகு வந்த கல்லறைத் திருநாளில், அம்மா யாரையும் கூப்பிடவில்லை. புதுச் சட்டையை என்னிடம் நீட்டினாள்.

"மாட்டிகினு குந்துடா. நீ அவன தாண்டிட்ட."

சுறாப்புட்டை அள்ளி வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று கன்னத்தைத் தடவிக்கொண்டு அழுத பயலுக்கு, அம்மா தன் தம்பியின் மீனைக் காக்கிறாள் என்றுதான் தெரிந்திருந்தது.