பாவு அறுந்தால் சொல்லுங்கள்

உலகத்தில் நடக்கிற எல்லாப் போரையும் ஒரே நாளில் நிறுத்தக்கூடிய ஆள் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறாள், பேர் ஏஞ்சல். ஐ.நா. சபையிடம் ஏஞ்சலின் நம்பர் இல்லை, அதனால்தான் விஷயம் இழுத்துக்கொண்டு போகிறது.

ஏஞ்சலின் வேலை பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பது. சேலை நெய்து முடிந்ததும் தறியில் மிஞ்சும் பழைய நூல் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. ஜெபக்குழுப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு அவள் இன்ஸ்டாவில் ஒரு பக்கம் திறந்தாள். தினம் ஒரு ரீல்: ஓர் இழையைப் பிணைத்து, சூடானில் போருக்குள் மாட்டிக்கொண்டு இன்ஸ்டாவில் எழுதுகிற ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வாள். போனைப் பிடிப்பதும் எழுத்தடிப்பதும் அவளுடைய அக்கா மகள் கீர்த்தி. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இந்தக் கதையை எழுதுவதும் அவள்தான்.

ஏஞ்சல் பாவு பிணைக்கப் போகும் தறிக்காரர் வீட்டுக் காவேரி, அந்தப் பெண்கள் உங்க மதமா, உங்க ஜனமா என்று கேட்டாள். "ஒருத்தி தறி வெச்சிருக்குதாம்கா" என்றாள் ஏஞ்சல். அதன்பிறகு காவேரி ரீல் எடுக்கும்போது மிக்சியை நிறுத்திவைத்தாள்.

முதல் ரீலுக்கு ஏஞ்சல் சொன்ன வாசகம், 'உங்க பாவு அறுந்தா சொல்லுங்க, நாங்க பிணைக்கிறோம்.' மொழிபெயர்க்கிற ஆப்புக்குப் பாவு தெரியவில்லை. பாவம் என்று அரபியில் போட்டுவிட்டது. அந்தத் தறிக்காரி ஹவாவிடமிருந்து பதில் வந்தது: 'இங்கே பாவம் செய்ய நேரமில்லை அக்கா, தண்ணீர் வரிசையிலேயே பொழுது போகிறது.' ஜெபக்குழு விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

பிறகு ஹவா பேசவில்லை. பத்தொன்பது நாள். ஏஞ்சல் மற்றவர்களின் பெயரையெல்லாம் சொன்னாள், அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் செத்தவர்களுக்குச் சொல்வதுபோல் ஆகிவிடுமாம். அந்தச் செய்திப் பெட்டியைத் திறக்கவும் பயந்து, போனையே கீர்த்தியிடம் விட்டுவிட்டாள்.

இருபதாம் நாள் காலை போன் சிணுங்கியது. ஹவா! பிள்ளைகளோடு வேறு ஊருக்கு நடந்தே போயிருக்கிறாள், வழியில் சிக்னல் இல்லை. கீர்த்தி கத்திக்கொண்டு ஓடினாள். ஏஞ்சல் இழை வழுக்காமல் முறுக்கத் தொட்ட சாம்பல் ஒட்டிய விரலோடு போனைப் பிடுங்கி, அழுது, சிரித்து, காவேரியைக் கட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள். கடைசி வரியில் நின்றாள்: 'பிள்ளைகள் பூனைக் கதையின் மிச்சத்தைக் கேட்கிறார்கள்.'

இன்னா பூனை என்று கேட்டபடி மேலே தள்ளிப் பார்த்தாள். பத்தொன்பது செய்திகள், ஒவ்வொன்றிலும் தமிழும் அடியில் ஆப்பு போட்ட அரபியும். காவேரி வீட்டுப் பூனை பட்டுநூல் கண்டை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடிய கதை, நாளுக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றின் கடைசியிலும், 'மிச்சம் நாளைக்கு. அதுவரைக்கும் இருங்க.'

போன் தானாகவே எழுதியிருக்கும் என்றாள் கீர்த்தி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"மூணு சுழி போட்டு 'பூணை'ன்னு எழுதுற போன் இந்த ஊர்ல ஒண்ணுதாம்மா இருக்குது" என்று ஏஞ்சல் அவள் காதைப் பிடித்தாள். "உக்காரு. மிச்சத்த எழுது. பசங்க காத்துக்கினு இருக்குதுங்க."