தயிர்சாதம் தொடாத விருந்தாளி

கடல் பறவைக்குத் தயிர்சாதம் ஊட்டப் பார்த்தவன் நான். தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைக்கலாமா என்று வேறு யோசித்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தில், புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை. நான் எட்டாம் வகுப்பு. சிதம்பரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. முட்டைகூட வாசல் தாண்டாத சைவம். மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் ஓரமாக அது ஒண்டிக்கொண்டிருந்தது. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, பிளந்த வால். பென்குயின்தான் என்று முடிவுகட்டி, கடலூர் மாமாவுக்குப் போன் போட்டேன். பனிக்காலம் முழுக்கப் பரங்கிப்பேட்டைக் கரையிலும், பங்குனியில் பிச்சாவரத்திலும் பறவை பார்க்கப் பைனாகுலரோடு அலைகிறவர். அடையாளம் கேட்டதும் போனிலேயே கூவினார்.

"மாப்ள, அது நடுக்கடல் ஆலா. கரைக்கே வராத பறவை, புயல்தான் தள்ளிக்கிட்டு வந்துருக்கு. பதினஞ்சு வருஷமா தேடுறேன். இங்க ரோடெல்லாம் மரம் வுழுந்து கெடக்கு. நாளன்னிக்கு வந்துடுறேன், அதுவரைக்கும் சாவாம பாத்துக்க."

"தயிர்சாதம் வச்சேன் மாமா, தொடல."

"மக்கு, அது மீன் திங்கிற ஜாதி."

வாழ்க்கையில் முதன்முறையாக மீன் கடைக்குப் போனேன். "பல்லு இல்லாதவங்க திங்கிற மாரி மீனு குடுங்க" என்றேன். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து மீன்காரம்மா சிரித்தார். "கடலுக்கு போட்டு எதுவும் போவல தம்பி. வாய்க்கா கெண்டக் குஞ்சிதான் இருக்கு."

ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பதில் கெண்டைக்குஞ்சு குடியேறியது. வாலைப் பிடித்து நீட்டியதும் என் விரலோடு சேர்த்துக் கவ்வியது அந்தப் பறவை. வலித்தது; அவ்வளவு சந்தோஷம்.

அன்று இரவு அப்பா மூக்கைச் சுளித்தார். "என்ன நாத்தம் இது?"

"எனக்கு ஜலதோஷம், ஒண்ணும் தெரியல" என்றார் அம்மா. சமயம் பார்த்து ஜலதோஷத்தை அனுப்பிய நடராஜருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மூன்றாம் நாள் மாமா வந்தார். பறவையைப் பார்த்தவர் மாடியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அட்டைப்பெட்டியில் வைத்துப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். மணலில் வைத்ததும் இரண்டு தத்தல், பிறகு ஒரே எழும்பல். அலைக்கு மேலே போய் மறைந்தது. மாமா தன் நோட்டில், கண்டுபிடித்தவர் என்று என் பெயரை எழுதினார். தெருவில் ஒரு மாதம் நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

அன்று மாமா எடுத்த, பெட்டியும் கையுமாக நான் இளிக்கிற போட்டோவைப் போன வாரம் என் மகளிடம் காட்டி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் சாதித்த கதையை அளந்துகொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்:

"ரெண்டு நாளா அந்த நாத்தத்த தாங்கிக்கிட்டு, உங்கப்பா மாடிக்கு ஏறாம பாத்துக்கினது நானு. போட்டோவுல பல்ல காட்டுறது நீ."