கழற்றிப் போட்ட ஸ்டீரிங்

எங்கள் ஜீப்புக்குப் புது ஸ்டீரிங் வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் முழுக்க நான் தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தேன். அம்மா அதைப் பூச்சி என்று முடிவு செய்து மாத்திரை கொடுத்தாள்.

ஊட்டி மலையில் நடுவட்டம் என்ற ஊரில் இருந்தோம். அம்மாவுக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. ஃபேக்டரிக்குக் கீழே எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு ஜீப்தான் பிழைப்பு. காலையில் எஸ்டேட்டின் மேல்பகுதியில், மேல் டிவிஷனில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகளை ஏற்றிவந்து பள்ளிக்கூடத்தில் விடுவார். அப்புறம் ஊட்டியிலிருந்து வருகிற சுற்றுலாக்காரர்களைத் தேயிலைக்கு நடுவே உள்ள கல்பாதையில் மலை உச்சிவரை கூட்டிப்போவார். கார் போகாத பாதை அது. ஜீப்பே கல்லுக்குக் கல் தாவித்தான் ஏறும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு கையில் கம்பியையும் இன்னொரு கையில் போனையும் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுவார்கள். அப்பா மட்டும் சத்தமே போடாமல் ஓட்டுவார்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஊட்டிக்குக் கீழே வெலிங்டனில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து ஜீப்புக்கு அடியில் படுத்தால், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதுதான் எழுந்து வருவார். முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைப்பது அவர் வழக்கம். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு ஒடிந்து தெரியும். "என்ர கோடு ஒடிஞ்சு நீ பாத்திருக்கியா கண்ணு?" என்று என்னிடம் கேட்பார். நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில்தான் அப்பா குறை சொல்ல ஆரம்பித்தார். ஸ்டீரிங் கல்லாக இருக்கிறது, திருப்பவே முடியவில்லை என்றார். சித்தப்பா முன்சக்கரங்களைத் திருப்பும் பால் ஜாயிண்டுகளை மாற்றினார். கிரீஸ் அடித்தார். அப்பாவுக்குத் திருப்தி இல்லை. அடுத்து இரண்டு பக்கமும் சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் கிங் பின் பேரிங்கை மாற்றினார். அப்போதும் இல்லை. கடைசியில் கோயம்புத்தூரில் உடைக்கப் போட்டிருந்த ஒரு வண்டியிலிருந்து பவர் ஸ்டீரிங்கை அப்படியே எடுத்துவந்து எங்கள் ஜீப்பில் பொருத்தினார். அதற்கு ஒரு ஞாயிறு போதாமல் லீவு போட்டுவிட்டு வந்தார்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "வண்டிக்கு நோவுன்னா வெலிங்டன்ல இருந்து டாக்டர் வந்தர்றாரு. ஊட்டுக் கூரை ஒழுகுதுன்னா ஒருத்தரும் வர்றதில்ல" என்றாள். சித்தப்பா அடியில் படுத்தபடியே, "கூரைக்கு ஸ்டீரிங் இல்லீங்களே அண்ணி" என்றார்.

புது ஸ்டீரிங்கை அப்பா ஒற்றை விரலால் திருப்பிக் காட்டினார். ஜீப் ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் எல்லாரும் வந்து ஆளுக்கொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா கல்யாண மாப்பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றார்.

பத்து நாள்கூட ஆகவில்லை, அப்பா மறுபடி ஆரம்பித்தார். வண்டி திடீர் திடீரென்று ஓரத்துக்கு இழுக்கிறது என்றார். சித்தப்பா அலைன்மெண்ட் பார்த்தார். ஸ்டீரிங் எண்ணெயை மாற்றினார். கல்பாதையில் தாமே ஓட்டிப்போய்விட்டு வந்தார். "அண்ணா, நூல் புடிச்சாப்பல போகுது" என்றார். அப்பா, இழுக்கிறது என்றார். சித்தப்பா, இல்லை என்றார். அவர்கள் இருவரும் குரல் உயர்த்திப் பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். சித்தப்பா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை அப்பா என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார்.

"கியர் போடறியா கண்ணு?"

எனக்கு நம்ப முடியவில்லை. அவர் காலால் கிளட்சை மிதித்து "ரெண்டு" என்பார். நான் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து இழுப்பேன். "மூணு" என்றால் தள்ளுவேன். பின்னால் இருந்த மேல் டிவிஷன் பிள்ளைகள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். அந்த வாரம் வகுப்பில் என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை.

"அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம்" என்றார் அப்பா. நான் சொல்லவில்லை. சுற்றுலாச் சவாரியை அவர் நிறுத்திவிட்டார், கேட்டால் சீசன் இல்லை என்றார்.

பெருமை ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு பயம் வந்துவிட்டது. இது விளையாட்டு இல்லை என்று எப்படியோ எனக்குத் தெரிந்துவிட்டது. விளையாடுகிறவர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கவில்லை. குளிரில் எங்கள் வாயிலிருந்து புகை வரும், அவர் நெற்றியில் வேர்வை நிற்கும். நான் ஒரு நொடி தாமதித்தால், "இப்பப் போடு! இப்ப!" என்று கத்துவார். அதற்கு முன் என்னிடம் அவர் கத்தியதே இல்லை. மேல் டிவிஷன் பாதையில் இறங்கும்போது இடது பக்கம் முழுக்கப் பள்ளம். கீழே தேயிலை, அதற்கும் கீழே மூட்டம். கியர் விழாமல் போனால் எல்லாரும் அதற்குள் போய்விடுவோம், அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வேன்.

வகுப்பில் டெஸ்க்குக்கு அடியில் பென்சிலை நட்டுவைத்து இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு என்று பழகினேன். ஒருநாள் எனக்கு நல்ல காய்ச்சல். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு லீவு போடச் சொன்னாள். நான் அழுது புரண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் படுத்துவிட்டால் யார் கியர் போடுவது? தன் மகளுக்குப் படிப்பு என்றால் அப்படி ஒரு உயிர் என்று அம்மா ஃபேக்டரி முழுக்கச் சொல்லிவைத்தாள்.

மாசியில் மேல் டிவிஷன் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அந்தத் தடவை அன்னூரிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். அவர் வந்தால் முன்சீட்டு அவருக்குத்தான், அதில் பேச்சே கிடையாது. நான் பின்னால் அம்மாவோடும் பெரியம்மாவோடும் பாத்திரங்களோடும் உட்கார வேண்டியதாயிற்று.

"அப்பா, நான் முன்னாடி வர்றேன்" என்றேன்.

"பெரியப்பா மடியிலயா உக்காருவ?" என்று பெரியம்மா சிரித்தாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. முதல் கியரிலேயே, வண்டி அழ அழ, மெதுவாக ஏற்றிவிட்டார். "என்னடா மாட்டு வண்டியாட்டம் ஓட்டற?" என்று பெரியப்பா கேலி செய்தார். கோயிலில் என் கண்ணில் சாமியே தெரியவில்லை. பொங்கல் பொங்கியபோது எல்லாரும் குலவையிட்டார்கள். நான் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது இறக்கம், கியர் மாற்றாமல் முடியாது.

சாயங்காலம் புறப்பட்டோம். மூட்டம் பாதிப் பாதைவரை ஏறி வந்திருந்தது. லேசாகத் தூறிற்று. பெரியப்பா தன் ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பெரிய வளைவு வரப்போகிறது, அங்கே இரண்டு போட வேண்டும். என் கை தானாக அசைந்தது.

அப்பா இடது கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துக் கியரில் வைத்தார். அதே சமயம் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. ஸ்டீரிங் வெடுக்கென்று சுழன்றது. அப்பாவின் வலது கை அதிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. ஜீப் நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போயிற்று.

பெரியம்மா "ஆத்தா!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. முன்சக்கரம் ஓரத்தைத் தாண்டி இறங்கி, ஒரு பழைய தேயிலைச் செடியின் தூரில் முட்டி, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. பொங்கல் பானை உருண்டு பெரியப்பாவின் முதுகில் கவிழ்ந்தது. எஞ்சின் அணைந்துவிட்டது. தூறல் ஜீப்பின் கூரைத் துணியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது ஒன்று பார்த்தேன். அப்பா தன் வலது கையை இடது கையால் எடுத்து, ஒரு சாமானைத் தூக்கி வைப்பது போல ஸ்டீரிங்கின் மேல் வைத்தார். அது அங்கே நிற்கவில்லை. மறுபடி எடுத்து வைத்தார். அம்மாவும் அதைப் பார்த்தாள்.

எல்லாரும் மேட்டுப் பக்கமாக ஒவ்வொருவராக இறங்கினோம். யாருக்கும் அடியில்லை. இறங்கியதும் பெரியப்பா, முதுகில் சர்க்கரைப் பொங்கலோடு, சத்தம் போடத் தொடங்கினார். நல்லா இருந்த ஸ்டீரிங்கைக் கழட்டிப்போட்டு எவன் வண்டியிலேயோ இருந்ததை மாட்டினா இப்படித்தான் ஆகும், சின்னவனுக்கு என்ன தெரியும், இன்னைக்கு ஒரு குடும்பமே போயிருக்கும் என்றார். அப்பா பாறையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க மாமா. ஸ்டீரிங்தானுங்க. நானும் பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவர்கள் எஸ்டேட் டிராக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். மண்ணும் இலையும் அப்பியிருந்த இடங்களைக் கையால் துடைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோடுகள் எல்லாம் நேராகத்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். பெரியப்பா போனில் என்ன சொல்லியிருந்தாரோ, முகம் கறுத்திருந்தது. பையை வைத்ததும் வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, "ஒரு கோடுகூட நகுரலீங்க அண்ணி. வேணும்னா வந்து பாருங்க" என்றார். அம்மா அவரை வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சித்தப்பா திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருந்தார். நேரே ஜீப் ஸ்டாண்டுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அங்கே டீக்கடை முன்னால் இருந்த டிரைவர்களிடம் அவராகவே சொன்னார்:

"தப்பு என்ர மேலதானுங்க. ஒரு நட்டைச் சரியா முறுக்காம உட்டுட்டேன். மொத்தமும் கழட்டிச் செய்யோணும். அதுவரைக்கும் அண்ணன் வண்டி எடுக்க மாட்டாரு."

யாரோ சிரித்தார்கள். ராணுவ வண்டியெல்லாம் இப்படித்தான் ஓடுதா என்று ஒருவர் கேட்டார். சித்தப்பாவும் கூடவே சிரித்துவைத்தார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் பெரியவர் ஒருவர் தானே ஒத்துக்கொண்ட பிறகு, என் கண்ணை நான் நம்பவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அவர் ஸ்டீரிங் முழுவதையும் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பிவிட்டார். முன்சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்த்தபடி ஜீப் முற்றத்தில் நின்றது. மேல் டிவிஷன் பிள்ளைகளை ஸ்டாண்டில் இருந்த வேறொருவர் ஏற்றிப்போனார். நானும் அதில்தான் போனேன். அவர் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கியர் போட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கு விளங்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் என் கை அசைந்துகொண்டுதான் இருந்தது.

அப்பா கோயம்புத்தூருக்குப் போய்ப் போய் வந்தார். யார் கேட்டாலும் பார்ட்ஸ் பார்க்கப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். ஒரு தடவை வெகுநாள் கழித்துத்தான் திரும்பினார், கழுத்தில் பட்டையோடு. அதன்மேல் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். எங்கள் ஊரில் மஃப்ளர் சுற்றாதவர்களைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். கழுத்து எலும்புக்குள் நரம்பு அமுங்கி அவர் கை பிடிமானம் இழந்துவந்ததும், அதை அவர் யாரிடமும் சொல்லாமல் வண்டியின் மேல் பழி போட்டுவந்ததும், கோயம்புத்தூரில் கழுத்து ஆபரேஷன் செய்துகொண்டதும், கை போன டிரைவர் என்று ஒருமுறை பேச்சு எழுந்துவிட்டால் கை திரும்பினாலும் யாரும் பிள்ளையை ஏற்றிவிட மாட்டார்கள் என்று அம்மா பயந்ததும் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டவை.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பா ஞாயிறுதோறும் வருகிறார், சாக்கைப் பிரிக்கிறார், ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவுகிறார், கிரீஸ் தடவுகிறார், மறுபடி சாக்கில் வைத்து மூடிவிட்டுப் போய்விடுகிறார் என்பதுதான். ஸ்டாண்டிலிருந்து யாராவது எட்டிப் பார்த்து "இன்னுமா முடியல?" என்பார்கள். "புடிபட மாட்டேங்குதுங்க" என்பார். எனக்கு அவமானமாக இருந்தது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு நெசமாலுமே வேலை தெரியாதா சித்தப்பா?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "தெரியலியே கண்ணு" என்றார்.

அடுத்த மழைக்காலம் தொடங்கும்முன் ஒரு ஞாயிறு அப்பா முற்றத்துக்கு வந்தார். கழுத்துப் பட்டை போயிருந்தது. சாக்கின் முன் குந்தியிருந்த சித்தப்பாவின் கையைத் தன் வலது கையால் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. முன்கை நரம்பு புடைக்க இறுக்கினார். "வலிக்குதுண்ணா, உடு" என்றார் சித்தப்பா. அப்பா இன்னும் இறுக்கினார். இரண்டு பேரும் ஏனோ சத்தமாகச் சிரித்தார்கள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் சித்தப்பா ஸ்டீரிங் முழுவதையும் பூட்டி முடித்துவிட்டார். இத்தனை மாசமாகப் பிடிபடாத வேலை ஒரே காலையில் முடிந்தது. எனக்குத் தாங்கவில்லை. சமையல்கட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, சித்தப்பா வேலை கத்துக்கிட்டாரு!"

அம்மா குழம்புக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல செய்தி சொன்னதற்கு இவள் எதற்கு அழ வேண்டும் என்று புரியாமல் வாசற்படியிலேயே நின்றேன்.