கார் பார்க்கிங்கில் நுரை

சந்தாபுராவிலிருந்து செல்வம் போன் செய்தபோது நான் வகுப்பில் இருந்தேன். "மேடம், நுரை டேங்கைத் தாண்டி கார் பார்க்கிங் வரைக்கும் வந்துடுச்சு. உங்க ஸ்டூடன்ட்ஸ் வந்ததாலதான்னு சொல்றாங்க. ஒருதடவை வந்துட்டுப் போங்க" என்றார்.

செல்வம் அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பராமரிப்பவர். பெங்களூரில் எல்லோரும் அதை எஸ்டிபி என்பார்கள். நான் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியை. கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ஏரேஷன் டேங்கை எங்கள் மாணவர்கள் தேர்வில் அழகாக வரைவார்கள். நேரில் பார்த்தவர் அநேகமாக யாரும் இல்லை. அதனால்தான் கடைசி வருடத்தில் ஒரு செமஸ்டரை வேலையிடத்திலேயே படிக்கும்படி பாடத்திட்டத்தை மாற்றச் சொன்னேன். செய்யும் வேலைக்குக் கிரெடிட் உண்டு. மதிப்பெண்ணில் பாதியை அங்குள்ள சூப்பர்வைசர் போடுவார்.

வெளியாள் போடும் மார்க்குக்கு நாம் எப்படிப் பொறுப்பேற்பது என்று எங்கள் துறைத்தலைவர் எதிர்த்தார். வாதாடி வாதாடி ஒரே ஒரு பேட்சுக்கு, சோதனையாக, அனுமதி வாங்கினேன். அந்த பேட்ச் போன இடத்தில்தான் இப்போது நுரை. நிறுத்திவிட்டால் மாணவர்களின் செமஸ்டரே வீணாகும்.

நான் போய்ச் சேர்ந்தபோது குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோபமாக நின்றிருந்தார். மாணவர்களை உடனே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அப்போது, சிவாஜிநகரிலிருந்து வரும் எங்கள் மாணவி ஷாஹீனா முழங்கால்வரை ரப்பர் கம்பூட்ஸோடு என் பக்கம் வந்தாள்.

"மேம், டேங்கை நாங்க கெடுக்கலை. இது வெள்ளை நுரை, சோப்பு வாசம் அடிக்குது. மேல யாரோ எதையோ ஊத்துறாங்க. ரெண்டு நாள் டைம் மட்டும் வாங்கிக் குடுங்க."

கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அவளும் நண்பர்களும் தளம் தளமாக ஏறினார்கள். துப்புரவு செய்யும் பெண்களிடம் கன்னடத்திலும் தமிழிலும் பேசினார்கள். தரை துடைக்கும் திரவம் புதிதாக மாறியிருந்தது தெரிந்தது. பழையதைவிடப் பல மடங்கு கெட்டியானது. ஆனால் எவ்வளவு கலக்க வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. பழைய அளவிலேயே கலந்து துடைத்துவிட்டு, மிச்சத்தைச் சாக்கடைக் குழாயில் கொட்டியிருக்கிறார்கள். ஷாஹீனா அந்தத் திரவத்தில் சில சொட்டுகளை ஒரு ஜாடித் தண்ணீரில் விட்டுக் குலுக்கிச் செயலாளரிடம் காட்டினாள். ஜாடி வாய்வரை நுரை.

அளவைக் குறைத்ததும் டேங்க் அடங்கத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷத்தில் அங்கேயே கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டியும் விட்டேன். செயலாளரும் சிரித்துவிட்டார்.

துறைத்தலைவர் செமஸ்டர் முடிவில் நேரில் வந்தார். டேங்க் ஓரத்தில் நின்று மாணவர்களைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். திரும்பும்போது காரில், அடுத்த பேட்சுக்கு இன்னும் இரண்டு நிலையங்களைப் பார்த்து வைக்கச் சொன்னார்.

அந்த விடுமுறையில் நானும் கம்பூட்ஸ் வாங்கிக்கொண்டு செல்வத்திடம் வேலைக்குப் போய் நின்றேன். அவர் சங்கடப்பட்டார். பிறகு பம்ப் ரூம் சாவியைக் கொடுத்து, "மேடம், லேட்டா வந்தா உங்களுக்கும் ஆப்சென்ட்தான்" என்றார்.

இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: மாணவர்களை வேலைக்கு அனுப்பும் முன் நீங்கள் அங்கே போய் வேலை செய்யுங்கள். நான் அதைப் பின்னால் செய்தேன். அந்த ஒரு மாதத்தில் என் பாடக்குறிப்புகளில் பாதியைத் திருத்தி எழுதினேன்.