ரோடு கேட்ட பிரசிடெண்ட் சூசைராசு

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டு அருகே வந்தார். "கிளார்க்கு சார், சேதி தெரியுமா? நம்ம பிரசிடெண்டு முந்தாநாள் தவறிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, அம்புட்டுத்தான்." நேற்றே அடக்கமும் முடிந்துவிட்டதாம். நான் அந்த ஊரை விட்டு மாற்றலாகி வந்தபின் எனக்குச் சொல்லி அனுப்ப அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது.

கட்டுமாவடிக்குத் தெற்கே, கடலோரத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த சூசைராசுவை உங்களில் பலர் அறிவீர்கள். அவருடைய பஞ்சாயத்தில் நான் எழுத்தராக இருந்தேன்.

மூன்றாம் பொதுத்தேர்தலுக்கு முன் அவர் ஊர்ப் பெண்களைக் கூட்டிப் பேசினார். அதுவரை படகு முதலாளி சொன்ன ஆளுக்கே ஊர் முழுவதும் ஓட்டுப் போட்டுவந்தது. "ஓட்டு ஒங்க சொந்தம். யாருக்குப் போட்டீங்கன்னு புருசங்கிட்டகூடச் சொல்ல வேணாம். நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்றார். அந்த முறை ஊர் ஓட்டு நாலு பக்கமும் சிதறி விழுந்தது. முதலாளிக்குக் கோபம். சூசைராசுவுக்கு அன்று இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் அவர் முகத்தில் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், மீன் விற்கும் பாக்கியத்தின் மகள் பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் ஏறினாள். பெரிய ரோட்டுக்கு மூன்று மைல் சேறும் மணலும். பாதி வழியில் சக்கரம் புதைந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்துவதற்குள் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று.

ரோடு கேட்டு நாங்கள் அலைந்தோம். பஞ்சாயத்து யூனியன் தலைவர் ஜில்லா ஆபீசுக்கு, தஞ்சாவூருக்குப் போகச் சொன்னார். தஞ்சாவூரில் யூனியன் தீர்மானம் எங்கே என்றார்கள். கடைசியாக எம்.எல்.ஏ.விடம் போனோம். அவர் மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார்.

"ரோடு போடுறது என் வேலையில்லீங்க. சட்டசபையில கேக்கலாம், மந்திரிகிட்ட சொல்லலாம். ஆனா ஒங்க ஊர்ல எனக்கு எம்புட்டு விழுந்துச்சுன்னு பாத்தீங்களா? முழுசா விழுற ஊருக்குத்தான் நான் முழுசாப் பேச முடியும்."

திரும்பி வந்து மணமேல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சூசைராசு, "அடுத்த தடவ முழுசாக் குடுத்துருவோம்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

நான்காம் தேர்தல் வந்தது. அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். பின்னாலேயே எம்.எல்.ஏ.வின் சின்னம் போட்ட சீட்டுகளோடு நான். பாக்கியம் சீட்டை வாங்காமல் கேட்டாள்: "அண்ணே, நீங்கதானே சொன்னீங்க, நீங்களே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு? இப்ப நீங்களே கேக்குறீங்களே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த ஒரு தடவ மட்டும், ஆத்தா. ரோட்டுக்காக."

அவருக்காக ஊர் ஒன்றாகப் போட்டது. தொகுதி வேறு பக்கம் சாய்ந்தது. மெட்ராஸில் ஆட்சியே மாறிவிட்டது. புதிய உறுப்பினரைப் பார்க்கப் போனோம். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே அவர் சிரித்தார். "யாருக்குப் போட்டீங்களோ, அங்கிட்டே போய்க் கேளுங்க."

மறுநாள் காலை சூசைராசு பாக்கியத்தின் வாசலில் போய் நின்றார். நானும் உடன் இருந்தேன். "ஒன் ஓட்ட நான் எடுத்துக்கிட்டேன். ரோடும் வாங்கித்தர முடியல. என்னய மன்னிச்சிரு" என்றார். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தாள். அதன்பின் அவர் யாரிடமும் ஓட்டைப் பற்றியோ ரோட்டைப் பற்றியோ பேசவில்லை.

நல்லவர், உழைத்தவர் என்று இரங்கல் கூட்டத்தில் சொல்வோம். அதில் பொய் இல்லை. ஆனால் என்னிடம் தங்கியிருப்பது அந்த வாசல்தான். அவர் மன்னிப்புக் கேட்டார். சீட்டை நீட்டிய நான் பக்கத்திலேயே நின்றேன், கேட்கவில்லை.