வலது கால்

சும்மா நின்று வாசிக்க எனக்கு வராது. டிரம்பெட்டை வாயில் வைத்தால் போதும், வலது கால் தரையை உதைக்க ஆரம்பித்துவிடும். தொண்ணூறுகளில் தி.நகர் கல்யாண மண்டபங்களில் என் ஆர்கெஸ்ட்ரா வாசித்தபோது அந்த உதைதான் எங்களுக்குத் தாளம். டிரம்ஸ்காரர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார், ஷூவைத்தான் பார்ப்பார்.

அடுத்தவர் பாட்டையே வாசித்து அலுத்துப்போயிருந்தேன். ஜாஸ் பைத்தியம் வேறு. அந்தச் சமயத்தில்தான் மயிலாப்பூர் சபா ஒன்றில் பாட்டும் ஆட்டமுமாக நாடகம் போடப்போவதாகச் சொல்லி, இசையமைக்கக் கூப்பிட்டார்கள். யோசிக்காமல் தலையாட்டிவிட்டு ஆறு மெட்டுப் போட்டேன். மேடைக்குக் கீழே நான் உதைத்தால் மேலே நடிகர்கள் பாட ஆரம்பிப்பார்கள். நாடகம் நன்றாகவே ஓடியது. பாட்டுகளைக் கேசட்டாகப் போடலாம் என்றார்கள். அட்டையில் 'இசை' என்று போட்டு என் பேர் வரும். அதை நினைத்து ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ, எங்களுக்கு ஒரே ஒரு பகல்தான். முதல் பாட்டே பாதியில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சவுண்ட் இன்ஜினியர், "சார், இன்னாவோ இடிக்கிற சத்தம் வருது," என்றார். ஷூவைக் கழற்றினேன். ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டார்கள். அப்படியும் கேட்டது. காலை அடக்கினால் என் ஊதல் தடுமாறியது. கோபம் தலைக்கேறியது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மணி மூன்றாகியும் ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

கடைசியில், குழுவில் பாடுகிற என் மனைவி பக்கத்தில் வந்து என் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்து அழுத்தினாள்.

"நீ ஊது. காலை நான் பாத்துக்கிறேன்."

அப்படியே நின்று ஆறு பாட்டையும் முடித்தாள். டிரம்ஸ்காரர் வேறு வழியில்லாமல் அவள் தலையசைப்பைப் பார்த்து வாசித்தார். இன்ஜினியருக்குப் பரம திருப்தி.

கேசட் வந்த அன்றே பாண்டி பஜாரில் ஒரு கடைக்குப் போய், யாரோ மாதிரி அதைப் போடச் சொன்னேன். அட்டையில் என் பேர் இருந்தது. சுத்தமான பதிவு, கொசு பறக்கிற சத்தம்கூட இல்லை. ஆனால் பாட்டு, கைகாலைக் கட்டிப்போட்ட ஆள்போலக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பாட்டு ரொம்பப் புடிச்சிப்போச்சா?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அவருடைய சிமென்ட் தரையை உதைத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது பாட்டு முடியும்வரை நிறுத்தவில்லை.